கரிப் பந்தியில் புது விருந்தாளி!

அடுப்புக் கரி கறுப்பாக இருக்கிறது. தொட்டால் கையில் ஒட்டுகிறது. பென்சிலின் நடுவே இருக்கிற குச்சி வழவழ என்று சாம்பல் நிறத்தில் இருக்கிறது. வைரமோ கண்ணைப் பறிக்கும்படி ஜொலிக்கிறது.

இந்த மூன்றும் ஒரே பொருள்தான் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். மூன்றிலும் இருப்பது கரி அணு. பென்சில் குச்சியில் களிமண்ணும் கலந்திருக்கும். ஆனால் காகிதத்தில் கறுப்பாக விழுவது கரிதான்.

ஒரே அணு மூன்று வேஷம் போடுவது ஒரு விந்தை. இதைவிடப் பெரிய விந்தை இன்னொன்று உண்டு. கரி அணுக்களின் கூட்டத்தில் வேற்று அணு ஒன்று நுழைந்துவிட்டால் போதும். அந்தக் கரியின் குணமே மாறிவிடுகிறது. நிறமில்லாத வைரம் நீலமாகிறது. மின்சாரம் புகாத கல்லில் மின்சாரம் புகுந்து ஓடுகிறது. மலிவான கரி, விலை உயர்ந்த பிளாட்டினத்தின் வேலையைச் செய்யப் பார்க்கிறது!

கரிக்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்ற ரகசியத்தைத் திறந்து காட்டியவர்களில் ஒருவர் நம் தெற்குச் சீமைக்காரர். முதலில் அவர் கதையைக் கேளுங்கள்.

வத்திராயிருப்பில் பிறந்தவர்

மேற்கு மலையின் அடிவாரத்தில் வத்திராயிருப்பு என்ற ஊர் இருக்கிறது. இன்று அது விருதுநகர் மாவட்டம். அந்தக் காலத்தில் அது திருநெல்வேலி ஜில்லா. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா தனியாகப் பிரிந்த போதுதான் அந்தப் பகுதி நெல்லையை விட்டுப் போயிற்று.

அந்த ஊரில் 1898-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் விவசாயி. தமிழும் வடமொழியும் கற்றவர். அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன்.

"கே" என்ற எழுத்துக்கு விரிவு என்ன தெரியுமா? கரியமாணிக்கம்! நெல்லை நகரில் கரியமாணிக்கப் பெருமாள் கோயில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதே பெயர். கரிய மாணிக்கம் என்றால் கறுப்பு ரத்தினம். கறுப்புக் கரியை ஆராயப் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் மேற்படிப்பு. பிறகு கல்கத்தாவுக்குப் போனார். அங்கே சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். 1928-ல் "ராமன் விளைவு" கண்டுபிடிக்கப்பட்ட போது ராமனுக்கு வலது கையாக இருந்தவர் இந்தக் கிருஷ்ணன்தான்.

அதன் பின் அவருடைய கவனம் படிகங்களின் மேல் திரும்பியது. அதில் ஒன்று கிராபைட். பென்சிலில் இருக்கிற அதே கரி.

அப்பள அடுக்கு

கிராபைட் எப்படி இருக்கிறது என்று புரிய வேண்டுமானால், கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டை நினைத்துக் கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அப்பளம் அடுக்கி இருக்கிறது. கிராபைட்டும் அப்படித்தான். ஒவ்வொரு அடுக்கும் ஓர் அணு கனமே உள்ள தகடு. அந்தத் தகட்டில் கரி அணுக்கள் தேன்கூடு போல ஆறு ஆறாகக் கை கோத்து நிற்கின்றன. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே பிடிப்பு குறைவு. அதனால்தான் பென்சிலால் தேய்த்ததும் அடுக்குகள் கழன்று காகிதத்தில் ஒட்டிக் கொள்கின்றன.

கிருஷ்ணன் என்ன செய்தார்? கிராபைட் படிகத்தின் சிறு துண்டை எடுத்தார். தலைமயிரை விட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டார். படிகம் எந்தப் பக்கம், எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார்.

கிராபைட் காந்தத்தை வெறுக்கிற பொருள். காந்தம் அருகில் வந்தால் விலகப் பார்க்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெறுப்பதில்லை. தகட்டுக்கு நேர் செங்குத்தாகக் காந்தத்தைக் காட்டினால் வெறுப்பு பல மடங்கு அதிகம். தகட்டின் பக்கவாட்டில் காட்டினால் மிகக் குறைவு.

மின்சாரத்திலும் இதே கதைதான். 1939-ல் கிருஷ்ணனும் அவருடன் வேலை செய்த கங்குலியும் அதை அளந்து வெளியிட்டார்கள். தகட்டின் வழியே மின்சாரம் எளிதாக ஓடுகிறது. ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்குத் தாவ வேண்டுமானால் திணறுகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் பத்தாயிரம் மடங்கு!

இதற்கு என்ன அர்த்தம்? கிராபைட்டில் எலெக்ட்ரான்கள் தகட்டுக்குள்ளே தாராளமாக ஓடித் திரிகின்றன. வெளியே தாவ மட்டும் தயங்குகின்றன. வாய்க்காலில் தண்ணீர் தடையில்லாமல் ஓடுகிறது. வரப்பை ஏறித் தாண்ட மட்டும் முடிவதில்லை அல்லவா? அது போலத்தான்.

பந்தியில் நடப்பது என்ன?

எலெக்ட்ரான் என்றால் என்ன? எல்லா அணுவிலும் இருக்கிற மிக மிகச் சின்னத் துகள். அது நகர்ந்தால் மின்சாரம். நகராமல் நின்றால் மின்சாரம் இல்லை.

கரி அணு ஒவ்வொன்றிடமும் வெளிச் சுற்றில் நாலு எலெக்ட்ரான் உண்டு. வைரத்தில் இந்த நாலும் நாலு பக்கத்து அணுக்களோடு கை கோக்கச் செலவாகிவிடுகின்றன. சும்மா திரிகிற எலெக்ட்ரான் ஒன்றுகூட இல்லை.

இதை ஒரு கலியாணப் பந்தி என்று வைத்துக் கொள்வோம். கீழ்க் கூடத்தில் எல்லா இலையிலும் ஆள் உட்கார்ந்துவிட்டார்கள். ஓர் இலைகூடக் காலி இல்லை. யாரும் நகர முடியாது. மாடி காலியாக இருக்கிறது. ஆனால் மாடிப்படி மிக உயரம். யாராலும் ஏற முடியவில்லை. இதுதான் வைரம். அதனால்தான் அதில் மின்சாரம் ஓடுவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஒளிக்கும் ஓர் எலெக்ட்ரானை அந்த மாடிக்குத் தூக்கிவிடும் பலம் இல்லை. எனவே வைரம் ஒளியை விழுங்காமல் அப்படியே விட்டுவிடுகிறது. கல் நிறமில்லாமல் தெரிகிறது.

கிராபைட்டில் கதை வேறு. அங்கே மூன்று எலெக்ட்ரான்கள் கை கோக்கப் போகின்றன. மிச்சம் ஒன்று தகட்டுக்குப் பொதுச் சொத்து. அங்கேயும் கீழ்க் கூடம், மாடி என்று இரண்டு உண்டு. ஆனால் நடுவே படிக்கட்டே இல்லை! இரண்டும் ஒட்டிக் கொண்டிருக்கின்றன. ஓரத்தில் இருக்கிற சிலர் மட்டும் எழுந்து நடமாடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் பத்தாயிரம் அணுவுக்கு ஏறக்குறைய ஓர் எலெக்ட்ரான்தான் அப்படி ஓடியாடி மின்சாரம் சுமக்கிறது. இந்தக் கூடம்-மாடிக் கணக்கை 1947-ல் வாலஸ் என்ற விஞ்ஞானி கிராபைட்டுக்குப் போட்டுக் காட்டினார்.

இப்போது விருந்தாளிகள் வருகிறார்கள்.

ஓர் இலை காலி! ஓர் ஆள் கூட!

கரிக்கு இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் உண்டு. ஒரு பக்கம் போரான். இன்னொரு பக்கம் நைட்ரஜன். போரானிடம் மூன்று எலெக்ட்ரான். நைட்ரஜனிடம் ஐந்து. உருவத்தில் இரண்டும் கரி அணுவுக்குக் கிட்டத்தட்டச் சமம். அதனால் கரி அணு இருக்க வேண்டிய இடத்தில் இவை உட்கார்ந்து கொள்ள முடியும்.

போரான் வந்தால் என்ன ஆகும்? நாலு பேர் வர வேண்டிய வீட்டிலிருந்து மூன்று பேர்தான் வந்தார்கள். ஓர் இலை காலி! பக்கத்தில் இருப்பவர் அந்த இலைக்கு நகர்கிறார். அவர் இலை காலியாகிறது. அதற்கு அடுத்தவர் நகர்கிறார். இப்படியே காலி இலை பந்தி முழுவதும் பயணம் செய்கிறது. அந்தப் பயணமே மின்சாரம்.

நைட்ரஜன் வந்தால்? ஐந்து பேர் வந்துவிட்டார்கள். ஓர் ஆளுக்கு இலை இல்லை. அவர் நின்றுகொண்டே அங்கும் இங்கும் திரிகிறார். அதுவும் மின்சாரம்தான்.

இதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் "மாசூட்டல்". மாசு என்றால் அழுக்கு. ஆனால் இது வேண்டுமென்றே, அளந்து சேர்க்கிற மாசு.

எவ்வளவு சேர்க்க வேண்டும்? பால் குடத்துக்கு எவ்வளவு உறை மோர் விடுகிறோம்? ஒரு கரண்டிதானே? இதுவும் அப்படித்தான். கிராபைட்டில் பத்தாயிரத்துக்கு ஓர் எலெக்ட்ரான்தான் ஓடுகிறது என்று பார்த்தோம். ஆகவே பத்தாயிரம் கரி அணுவுக்கு ஒரே ஒரு போரான் அணு சேர்த்தாலும், ஓடுகிற கூட்டத்தின் கணக்கே மாறிவிடும். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. உறை மோர் பாலில் பெருகும். மாசு அணு பெருகாது. போட்டது போட்டபடி இருக்கும். எனவே அளவு தவறக் கூடாது.

கிருஷ்ணன் அளந்த காந்த வெறுப்பு நினைவிருக்கிறதா? கிராபைட்டில் போரான் சேர்த்தால் அந்த வெறுப்பும் குறைந்துவிடுகிறது. எலெக்ட்ரான் கணக்கு மாறியதற்கு அதுவே சாட்சி.

நீல வைரத்தின் ரகசியம்

மனிதன் மாசூட்டலைக் கற்றுக் கொண்டது சமீப காலத்தில்தான். இயற்கை அதைக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டது. சாட்சி வேண்டுமா? நம் நாட்டிலிருந்து போன "ஹோப்" வைரமே சாட்சி.

டவர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி 17-ம் நூற்றாண்டில் இந்தியாவில் ஒரு நீல வைரத்தை வாங்கினார். கோல்கொண்டா சீமையில், கிருஷ்ணா நதிக் கரையில் இருந்த கொல்லூர் சுரங்கத்தில் கிடைத்த கல் அது என்று சொல்வார்கள். 1668-ல் அதைப் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்கு விற்றார். 1792-ல் பிரெஞ்சுப் புரட்சியின் போது அது களவு போயிற்று. பின்னர் லண்டனில் தலைகாட்டியது. அதை வைத்திருந்த ஹோப் குடும்பத்தின் பெயரே அதற்கு நிலைத்தது. 1958-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் காட்சிசாலைக்கு அன்பளிப்பாக வந்து சேர்ந்தது. இப்போது அதன் எடை 45.52 காரட்.

அந்த நீலம் எங்கிருந்து வந்தது? போரானிலிருந்து! பத்து லட்சம் கரி அணுவுக்கு ஒரு போரான் அணு என்கிற அளவே அந்த நிறத்துக்குப் போதும். காலி இலை இருப்பதால், குறைந்த பலமுள்ள சிவப்பு ஒளியும் எலெக்ட்ரானை எழுப்பிவிடுகிறது. சிவப்பு கொஞ்சம் விழுங்கப்படுகிறது. மிஞ்சுவது நீலம். இத்தகைய நீல வைரத்தில் மின்சாரமும் ஓடும்.

நைட்ரஜன் புகுந்த வைரம் மஞ்சளாக இருக்கும். அது நீலத்தையும் ஊதாவையும் விழுங்குகிறது. ஆனால் அதில் மின்சாரம் ஓடுவதில்லை. ஏன்? கூட வந்த ஆள் பந்தியில் திரியாமல், தன்னை அழைத்து வந்தவரின் கையை இறுகப் பிடித்துக் கொள்கிறார். அவரை விடுவிக்க அதிகப் பலம் வேண்டும். விருந்தாளி வந்தால் மட்டும் போதாது. வந்தவர் நடமாட வேண்டும்!

2004-ல் இன்னொரு விந்தை நடந்தது. வைரத்தில் போரானை ஏராளமாகச் சேர்த்து, பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 269 டிகிரி குளிருக்குக் கொண்டு போனார்கள். அப்போது அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடியது!

யூரியா செய்கிற உதவி

கரிக்குள் நைட்ரஜனைச் சேர்ப்பது எப்படி? வயலுக்குப் போடுகிற யூரியா உங்களுக்குத் தெரியும். கார் பயிருக்கும் பிசானத்துக்கும் மூட்டை மூட்டையாக வாங்குகிறோம். மூட்டையின் மேல் 46 சதவிகிதம் நைட்ரஜன் என்று போட்டிருக்கும். ஆராய்ச்சிச் சாலைகளில் கரியோடு யூரியா போன்ற பொருளைச் சேர்த்து, பிராணவாயு இல்லாத உலையில் 700 முதல் 1,000 டிகிரி வரை காய்ச்சுகிறார்கள். பிராணவாயு இருந்தால் கரி எரிந்து சாம்பலாகிவிடும். காய்ச்சும் போது கொஞ்சம் நைட்ரஜன் கரித் தகட்டுக்குள் உட்கார்ந்துவிடுகிறது. போரான் சேர்க்கப் போரிக் அமிலம் உதவும். கேரம் பலகையில் தூவுகிறோமே, அந்தப் போரிக் பவுடர்தான்.

இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். யூரியாவைச் சூடாக்கினால் நச்சு வாயு கிளம்பும்.

வீட்டில் செய்யக் கூடிய சோதனை வேறு இருக்கிறது. ஒரு பென்சிலை இரண்டு முனையிலும் சீவுங்கள். இரண்டு டார்ச் கட்டைகளை வரிசையாக வைத்து, கம்பி வழியாகப் பென்சிலையும் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கையும் இணையுங்கள். விளக்கு எரியாவிட்டால் அதைத் திருப்பி மாட்டுங்கள். எரியும். பென்சில் கரியில் மின்சாரம் ஓடுவதை உங்கள் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். டார்ச் கட்டை மட்டும்தான். வீட்டு மின்சாரத்தில் இதைத் தொடவே கூடாது!

இதனால் நமக்கு என்ன லாபம்?

நியாயமான கேள்வி. கயத்தாறு பக்கமும் முப்பந்தல் பக்கமும் போனால் காற்றாலைகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். தென்மேற்குப் பருவக் காற்று வீசுகிற மாதங்களில் அவை ஓயாமல் சுற்றும். காற்று ஓய்ந்தால் ஓய்ந்துவிடும். காற்று இருக்கும் போது கிடைக்கிற மின்சாரத்தைச் சேமித்து வைக்க வழி வேண்டும். பாபநாசம் அணையில் தண்ணீரைத் தேக்கி வைக்கிறோமே, அது மாதிரி.

ஒரு வழி, அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயுவாக வைத்துக் கொள்வது. வேண்டும் போது அந்த ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் "எரிபொருள் கலம்" என்ற பெட்டிக்குள் சேர்த்தால் மின்சாரம் கிடைக்கும். கழிவு என்ன? வெறும் தண்ணீர். புகை கிடையாது.

ஆனால் ஒரு சிக்கல். அந்தப் பெட்டிக்குள் பிராணவாயுவை வேலை வாங்கப் பிளாட்டினம் வேண்டும். பிளாட்டினம் என்ன விலை என்று நகைக்கடையில் கேட்டுப் பாருங்கள்!

இங்கேதான் விருந்தாளி கை கொடுக்கிறார். 2009-ல் அமெரிக்காவில் லிமிங் டாய் என்பவரின் குழு, நைட்ரஜன் சேர்த்த நுண்ணிய கரிக் குழாய்கள் பிளாட்டினத்தின் வேலையைச் செய்வதைக் காட்டியது. நைட்ரஜன் அணு பக்கத்துக் கரி அணுவின் எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கிறது. அதனால் அந்தக் கரி அணு பிராணவாயுவைப் பிடித்துக் கொள்ளத் தயாராகிறது. ரகசியம் அவ்வளவுதான்.

அவசரப்பட வேண்டாம். பிளாட்டினத்தின் காலம் முடிந்துவிடவில்லை. டாய் குழுவின் கரி காரக் கரைசலில் நன்றாக வேலை செய்தது. அமிலம் உள்ள கலங்களில் இந்த மாதிரிக் கரி பின்தங்குகிறது; நாள்பட உழைப்பதும் இல்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் உலகெங்கும் ஆராய்ச்சி நடக்கிறது. "நானோ கரி" என்று சொல்லி யாராவது மந்திரச் சரக்கு விற்க வந்தால், இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள்.

நம் பக்கத்துச் செல்வம்

கரிக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. சிவகங்கைப் பக்கம் பூமிக்குள் கிராபைட் இருக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அதை வெட்டி எடுக்கிறது. தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து எழுப்பிய மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953 முதல் பாட்டரி போன்றவற்றை ஆராய்ந்து வருகிறது. நெல்லைக்கு அருகே அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990 முதல் இருக்கிறது. படிக்க இப்போது கல்கத்தா வரை ஓட வேண்டியதில்லை.

சரக்கு இருக்கிறது. கூடம் இருக்கிறது. சரக்கை மூட்டையாக விற்றால் மூட்டை விலைதான் கிடைக்கும். அதற்குள் சரியான அணுவைச் சரியான அளவில் சேர்க்கத் தெரிந்தால், அறிவுக்கும் விலை கிடைக்கும்.

ஒளியே சாட்சி!

கடைசியாக ஓர் அதிசயம். கரிக்குள் மாசு அணு எத்தனை புகுந்தது, எலெக்ட்ரான் கணக்கு எப்படி மாறியது என்பதை விஞ்ஞானிகள் எப்படித் தெரிந்து கொள்கிறார்கள்? அதற்குப் பல கருவிகள் உண்டு. எல்லோரும் அடிக்கடி எடுக்கிற கருவி ஒன்று உண்டு. கரியின் மேல் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வருகிற ஒளியின் நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கிற கருவி அது. அந்த நிற மாற்றத்துக்குப் பெயர்தான் ராமன் விளைவு!

1928-ல் ராமனும் கிருஷ்ணனும் கண்ட ஒளி ஒரு பக்கம். பின்னர் கிருஷ்ணன் ஆராய்ந்த கரி இன்னொரு பக்கம். அந்த இரண்டும் இன்று ஒரே மேஜையில் சந்திக்கின்றன.

கிருஷ்ணன் 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1947-ல் டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலைக்கு முதல் தலைவரானார். 1954-ல் பத்மபூஷண் பெற்றார். 1961 ஜூனில் காலமானார். அவர் கிராபைட்டைத் தொங்கவிட்டு அளந்த நாளில், "இதனால் என்ன லாபம்?" என்று கேட்டிருந்தால் யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. இன்று பாட்டரி செய்பவரும், எரிபொருள் கலம் செய்பவரும் கரியின் எலெக்ட்ரான் கணக்கிலிருந்துதான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை "இது ஏன் இப்படி?" என்று கேட்டால் அதட்டாதீர்கள். பதில் தெரியாவிட்டாலும் கூட உட்கார்ந்து தேடுங்கள். நெல்லைச் சீமைக்கு அடுத்த கரியமாணிக்கம் அந்தக் கேள்வியிலிருந்துதான் கிடைக்க வேண்டும்!